நஞ்சுக்குப் பெயர் கொடுத்த தூதர்!

பீடி, சுருட்டு, சிகரெட், மூக்குப்பொடி எல்லாவற்றிலும் “நிகோட்டின்” என்ற நஞ்சு இருக்கிறது. அது ஒரு மனிதரின் பெயரில் இருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அவர்தான் ழான் நிக்கோ. பிரான்சு நாட்டில் நீம் என்ற ஊரில் பிறந்தவர். படித்தவர், அரசாங்க வேலையில் உயர்ந்தவர்.

சம்பந்தம் பேசப் போனார்

1559-ம் ஆண்டு அவர் போர்ச்சுக்கல் நாட்டுக்குத் தூதராகச் சென்றார். எதற்கு? கல்யாணம் பேச! பெண், பிரெஞ்சு இளவரசி மார்கரெட். வயது 6. மாப்பிள்ளை, போர்ச்சுக்கல் அரசர் செபாஸ்டியன். வயது 5!

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஆனால், லிஸ்பன் நகரில் நிக்கோ ஒரு புதுச் செடியைக் கண்டார். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த செடி. அதுதான் புகையிலை!

அதைப் புண்ணில் வைத்துக் கட்டினால் ஆறிவிடும் என்று நிக்கோ நம்பினார். 1560-ல் அதைப் பிரான்சு அரண்மனைக்கு அனுப்பினார். ராஜமாதா காதரின், தலைவலிக்கு அதைப் பொடியாக்கி மூக்கில் இழுத்தார் என்று ஒரு கதை உண்டு.

அரண்மனை வழக்கம் ஊருக்கும் பரவியது. செடிக்கு நிக்கோவின் பெயரே வைக்கப்பட்டது.

தெவே என்ற பாதிரியாருக்கு இதில் மனவருத்தம். அவர் முன்பே பிரேசிலில் இருந்து புகையிலையைக் கொண்டு வந்திருந்தார். பெயரோ நிக்கோவுக்குப் போய்விட்டது!

அகராதி

நிக்கோவின் பெரிய உழைப்பு வேறு. பிரெஞ்சு மொழிக்கு அவர் அகராதி தொகுத்தார். அவர் இறந்த பிறகு, 1606-ல் அது வெளிவந்தது. அவர் பெயர் கொண்ட செடியும் அதில் உண்டு. புண்களை ஆற்றும் அருமருந்து என்று அதற்கு விளக்கம்!

நிகோட்டின்

1753-ல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ், புகையிலைக்கு “நிகோட்டியானா” என்று பெயர் சூட்டினார். 1828-ல் ஜெர்மனியில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் அதன் நஞ்சைத் தனியாகப் பிரித்தனர். செடியின் பெயரே நஞ்சுக்கும் வந்தது.

நிக்கோ என்று எழுதும்போது பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் “ட்” போடுவார்கள், பேசும்போது விட்டுவிடுவார்கள். அந்த “ட்”தான் நிகோட்டினில் ஒலிக்கிறது.

நிகோட்டின் மனிதனை அடிமையாக்கும். விட நினைத்தாலும் விடாது. புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நிக்கோ மருந்து என்று நம்பித்தான் அனுப்பினார். சொற்களுக்குப் பொருள் எழுதியவர் அவர். அவர் பெயருக்கே இன்று நஞ்சு என்று பொருள்!