உழைப்பாளர் குடியிருப்பில் மலர்ந்த எழுத்து
மரியா மாண்டிசோரி அம்மையார் வரலாறு

மாண்டிசோரி என்னும் பெயர் இன்று நகரங்களில் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மின்னக் காண்கிறோம். ஆனால் அப்பெயருக்குரிய அம்மையார் தம் கல்விமுறையைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காக வகுத்தாரல்லர். இதனை நம் இளைஞர் அறிதல் வேண்டும் என்றே அவர் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூறுகிறோம்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டுக் கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், ரோமாபுரியில் பயின்று 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட சிறுவர்க்குப் பணியாற்றுகையில், இட்டார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து கற்றார். அவர் பயிற்றிய அச்சிறுவருட் சிலர் பொதுப்பள்ளித் தேர்வில் மற்றப் பிள்ளைகளுக்கு நிகராகத் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, நலமுள்ள பிள்ளைகளை இவ்வளவில் நிறுத்தி வைத்த குறை எது என்று ஆராயத் தொடங்கினார். குறை பிள்ளையிடத்தில் இல்லை, கற்பிக்கும் முறையில் உள்ளது என்பதே அவர் கண்ட முடிவு.

1907 ஜனவரி 6ஆம் நாள், ரோமாபுரியின் ஏழை உழைப்பாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குச் சென்றுவிட, கவனிப்பாரற்றுத் திரிந்த ஏறத்தாழ 50 பிள்ளைகளே அதன் மாணாக்கர். எழுத்தறியாத தாய்மார், தம் மக்களுக்கேனும் எழுத்தறிவிக்குமாறு அம்மையாரை வேண்டினர்.

அவர் கையாண்ட முறை எளியது. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை அதனை விரலால் தடவியவாறே எழுத்தின் ஒலியைச் சொல்லும். எழுத்தின் பெயரன்று, ஒலியே முதற்பாடம். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஒலிகளே கற்பிக்கப்படும். ஆசிரியர் முதலில் ஒலியைச் சொல்வார். பின் அதற்குரிய எழுத்தைக் காட்டச் செய்வார். இறுதியில் பிள்ளையே சொல்லும். அதன்பின் சொல்லை ஒலிகளாகப் பிரித்து, வெட்டிய எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும். சில திங்களில் நான்கு வயதுப் பிள்ளைகளும் சொற்களை எழுதலாயினர். படித்தல் அதனைத் தொடர்ந்து வந்தது.

1909இல் வெளிவந்த அவர் நூல் உலகெங்கும் பரவியது. முசோலினி ஆட்சியோடு முரண்பட்டு 1934இல் தாயகம் நீங்கிய அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1894இல் ஆல்காட் நம் மக்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கிய அதே அடையாறு அது. போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கி, இந்நாட்டு ஆசிரியர் பலர்க்குப் பயிற்சியளித்தார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

இளைஞர்களே! அரிச்சுவடியை வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளை, தனிச்சொல் ஒன்றைக் காட்டினால் திகைப்பதை நாம் காண்கிறோம். க் என்னும் மெய்யும் ஆ என்னும் உயிரும் கூடிக் கா ஆவதை அப்பிள்ளை காதால் உணரவில்லை. 12 உயிரொலியும் 18 மெய்யொலியும் உயிர்க்குறிகளும் முறையாகப் படிந்துவிட்டால், 216 உயிர்மெய்க்கும் திறவுகோல் அதன் கையில் உள்ளது. படிப்பு வராத பிள்ளைக்கு மந்தன் என்ற பெயர் வருகிறது. நம் பிள்ளையாயின் அப்பழி அதன் பிறப்பின் மீதும் சுமத்தப்படுகிறது. பள்ளியை விட்டு நிற்பது அதன் முடிவாகிறது.

வீட்டில் எழுத்தறிந்தார் இல்லாத பிள்ளைக்கு, முதல் வகுப்பில் நாம் அளிக்கும் ஒலிப்பயிற்சியே முதுசொம். மாலைதோறும் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளோடு அமர்ந்து, ஒலியும் எழுத்துமாக அதனை வழங்குவோமாக. ஏழையின் குடியிருப்பில் பிறந்த முறை ஏழையின் பிள்ளைக்கே முதலில் உரியது.