தனித்து நின்ற குரல்

நான் சிறுவனாயிருந்த காலத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால், பிரட்டுக்கு ஆள் கூடுமுன்னரே கோயில் ஒலிபெருக்கி விழித்துக்கொள்ளும். பனி மூடிய தேயிலைச் சரிவுகளை ஊடுருவி வரும் அந்த முதற் குரல் ஆணுடையதா, பெண்ணுடையதா என்று எனக்கு நெடுநாள் ஐயமிருந்தது. ஒளவைப் பாட்டிதான் பாடுகிறாள் என்று என் பாட்டி கூறினாள், நானும் நம்பினேன். அக்குரலுக்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள் என்பதையும், அவர் வாழ்வைத் திசை திருப்பிய சந்திப்பு நம் இலங்கை மண்ணிலேயே நிகழ்ந்தது என்பதையும் வளர்ந்த பின்னரே அறிந்தேன்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய தலம். அங்கே 1908-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அம்மையார் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாயையும் குறிக்கும். தாயார் பெயர் பாலாம்பாள். தந்தையை இளமையிலே இழந்த குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியிற் பாடிப் பொருள் பெற்றாள். அங்ஙனம் பாடுகையிற் கேட்டு வியந்தவர்களாலேயே நாடகக் குழுவிற் சேர்க்கப்பட்டாள் என்பர். நல்லதங்காள் நாடகத்திற் பசியால் வாடும் குழந்தையின் வேடம் முதலில் வாய்த்தது. பசியை நடிக்க அச்சிறுமிக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அக்கால நாடக மேடையின் இயல்பை இன்றைய மாணவர்க்குச் சற்றே விளக்குதல் வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரே குழுவினர் மாதக்கணக்காய் ஒத்திகை பார்த்து ஆடுவதன்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து, மாலையிற் சந்தித்து, இரவு முழுதும் ஆடுவர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லார்க்கும் மனப்பாடம். ஆனால் வள்ளிக்கும் வேலனுக்கும் நிகழும் வாதத்திலோ அந்தந்தக் கணத்திற் பிறக்கும் சொல்லும் சுரமுமே துணை. ஒலிவாங்கியும் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவன் காதில் விழாவிட்டால் பாட்டு எடுபடாது. மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நின்று, ஒவ்வோர் எழுத்தும் சிதையாமற் பாடும் அம்மையாரின் ஆற்றல் இத்தகைய இரவுகளிலேதான் உரம் பெற்றது. சங்கீத வித்துவான்கள் சிலர் நாடகப் பாட்டு என்று அதனை இளப்பமாய்ப் பேசினர். தமிழ்ச் சொல்லைத் தெளிவாய் உச்சரிக்க அறிந்தவர்கள் அந்நாளில் நாடகக்காரர்களே என்பது என் துணிபு.

1926-ஆம் ஆண்டளவில் அம்மையார் இலங்கையிற் புகழோடு நடித்துக்கொண்டிருந்தார். அப்போது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். 1906-இற் பிறந்த அவர், கன்னையா கம்பெனி நாடகங்களாற் பெரும் பெயர் பெற்றவர். சுந்தராம்பாளோடு மேடையேறினால் உன் பாட்டு எடுபடாது என்று சிலர் அவரை அச்சுறுத்தினராம். அவர் அஞ்சவில்லை. வள்ளி திருமணத்தில் இருவரும் எதிரெதிர் நின்று பாடினர். ஒருவர் எட்டிய ஸ்தாயியை மற்றவர் கடக்க, கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் இருவரையும் தொடர, கேட்டோர் தம்மை மறந்தனர். மேடை நட்பு காதலாயிற்று. 1927-இல் மாயவரத்தில் மணம் நிகழ்ந்தது.

அம்மண வாழ்வு இனிதாய் அமையவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். பிறந்த மகவும் நிலைக்கவில்லை. கிட்டப்பா மதுவுக்கு ஆட்பட்டார். பிணக்கும் பிரிவும் மாறி மாறி வந்தன. பிரிந்திருந்த நாட்களில் அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. ஊடலும் சினமும் கெஞ்சலும் கலந்த அக்கடிதங்களைப் படிப்போர், மேடையில் ஓங்கி ஒலித்த அக்குரல் வீட்டில் எவ்வளவு தாழ்ந்து பேச நேர்ந்தது என்பதை உணர்வர். 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

அன்றே வெள்ளைப் புடவை உடுத்தார். இனி எந்த ஆடவனுக்கும் இணையாய் நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இச்செய்தியைக் கற்பின் பெருமை என்று மட்டும் கூறி எழுதுவோர் மேற்செல்வர். எனக்கோ வேறொரு வினா எழுகின்றது. காதலியாய் நடியாத இளம் நடிகைக்கு அக்கால மேடையில் வேறு என்ன வேடம் இருந்தது? வள்ளியில்லை; கண்ணகியில்லை; சாவித்திரியுமில்லை. சில காலம் ஒதுங்கியிருந்த அம்மையார் மீண்டும் மேடையேறியபோது நந்தனாராய் வந்தார். 1935-இல் பக்த நந்தனார் திரைப்படத்திலும் அவரே நந்தன். வேதியராய் நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அப்படத்துக்கு அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். நம் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாட்கூலி ஐம்பது சதம் அளவில் இருந்த காலம் அது! படத்தைக் கல்கி கடுமையாய் எள்ளி எழுதினார். ஆயினும் கேட்டார் நெஞ்சில் நின்றவை அம்மையாரின் பாடல்களே.

அதன் பின்னர் அவர் ஏற்ற வேடங்களைத் தமிழாசிரியர்கள் வரிசையாய் எண்ணிப் பார்க்கலாம். 1940-இல் மணிமேகலை. 1953-இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் எடுத்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஒளவையார். 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1973-இல் காரைக்கால் அம்மையார். துறவு பூண்டு அமுதசுரபி ஏந்தியவள் மணிமேகலை. இளமையை வேண்டாமென்று முதுமையைக் கேட்டுப் பெற்றவள் ஒளவை. அழகுடலை உதிர்த்துப் பேயுரு வேண்டியவர் காரைக்காலார். கோவலன் கண்ணகியரோடு மதுரை வழி நடந்த சமணத் துறவி கவுந்தி. நம் இலக்கியத்தில் ஆடவன் துணையின்றி நெடுவழி நடந்த பெண்டிரெல்லாம் இவர் குரலிற் பேசினர். வேடங்களைக் குறைத்துக்கொண்டவர்க்கு எஞ்சியவை இவைதாம். அவ்வேடங்களில் அவரோடு ஒப்பிடத்தக்கார் வேறு யார்? ஒளவையாய்த் திரையில் நடந்தபோது அவருக்கு வயது 44-தான். சைவப் பற்று மிகுந்த அம்மையார் சமணத் துறவியாய் நடித்தபோதும் அந்தப் பாத்திரத்தின் மிடுக்குச் சிறிதும் குறையவில்லை. சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குக் கவுந்தியின் முகம் அம்மையார் முகமாகவே தோன்றும்.

பொது வாழ்வில் அவர் காங்கிரஸ்காரர். தேசியப் பாடல்களை இசைத்தட்டுகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பாடினார். சத்தியமூர்த்தியோடு தேர்தல் மேடைகளில் ஏறினார். கொடுமுடி இல்லத்துக்குக் காந்தியடிகள் வந்து உணவருந்தியபோது பொற்றட்டில் பரிமாறினார் எனவும், உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என அவர் கேட்க, அதனையும் தந்தார் எனவும் சொல்வர். சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராயும் இருந்தார். 1969-இல் வெளியான துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. அறுபது வயதைக் கடந்த பின்னரும் அந்த மேல் ஸ்தாயி தளரவில்லை என்பதைத் துணைவன் படத்துப் பாடல்களைக் கேட்போர் அறிவர்.

1980 செப்டம்பரில் அம்மையார் காலமானார். மறு ஆண்டுத் திருவிழாவிலும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் அதே பழைய இசைத்தட்டுத்தான் முதலிற் சுழன்றது. வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த பாட்டி அடுப்பைவிட்டு எழுந்து, லயத்து வாசலில் நின்று, பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு உள்ளே போனாள்.