சீ. இரா. அரங்கநாதன்: வாசகரை முன்னிறுத்திய நூலகவியல்

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) கோலன் பகுப்புமுறையை வகுத்தவராகவே பெரிதும் அறியப்படுகிறார். அப்பகுப்புமுறைக்கு வேராக அமைந்தது வாசகர் குறித்த அவரது அக்கறையே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சீர்காழியில் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆளரவமற்ற அந்நூலகத்தின் தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்றதே அவர் மனத்தை மாற்றியது. அங்குப் பொதுமக்கள் அனைவரும் நூலகங்களைப் பயன்படுத்துவதைக் கண்டார். நூல்களைக் காப்பதே நூலகரின் கடமை என்றிருந்த நிலையோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தார்.

டூயி பதின்மப் பகுப்புமுறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதில் பொருள்களுக்கான எண்கள் முன்னரே பட்டியலிடப்பட்டிருந்தன. பல பொருள்கள் இணைந்து தோன்றும் புதிய துறைக்கு அங்கு உரிய இடம் வாய்ப்பதில்லை. இலண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளின் சில துண்டுகளே வெவ்வேறு உருவங்களாக இணைக்கப்படுவதைக் கண்டபோது அவருக்கு விடை கிடைத்தது. தஞ்சை நெற்பயிரின் நோய்த்தடுப்பு பற்றிய நூலுக்குப் பயிர், நோய், தடுப்பு, இடம் எனக் கூறுகளைப் பிரித்துப் பின் எண்ணாக இணைக்கலாம். பின்னர் இக்கூறுகளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாக வரையறுத்தார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியம் தமிழ் ஆய்வாளர்க்கு இங்கு நினைவுக்கு வரும். எனினும் இவ்வொப்புமையை மூலமெனக் கொள்வது பொருந்தாது.

நூலகவியலின் ஐந்து விதிகள் 1931இலும் கோலன் பகுப்புமுறை 1933இலும் நூல்வடிவம் பெற்றன. பகுப்புமுறையின் கரு இலண்டன் நாள்களிலேயே தோன்றிவிட்டதால், அதனை விதிகளின் விளைவு எனக் கூற இயலாது. இரண்டும் ஒரே நோக்கில் பிறந்தவை. வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூலெடுக்க வேண்டுமெனில், உறவுடைய நூல்கள் அருகருகே அமைதல் வேண்டும். தேடும் நேரமும் குறைதல் வேண்டும். பகுப்புமுறையை வாசகரிடமிருந்து பிரித்து வெறும் குறியீட்டு நுட்பமாகக் கற்பிப்பது அவரைப் பாதியாக்கிக் காட்டுவதாகும்.

இந்நோக்கு நூலகச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற அவர் உழைத்தார். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவை முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சி வரியோடு நூலக வரியும் வாங்க அது வழிவகுத்தது. அரசின் மனம்போன நல்கையை நூலகங்கள் எதிர்பார்த்திருக்கும் நிலையை அது மாற்றியதால், அவரது நூல்கள் பலவற்றினும் இச்சட்டமே பொதுமக்களை மிகுதியாகச் சென்றடைந்தது எனலாம்.

அப்போது அவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். பின்னாளில், தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரையும் இணைத்து நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைய வழிசெய்தார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவி, 1972இல் மறையும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.