பாலைவனம் கற்பித்த பாடம்

1977ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவின் அபிஜான் நகரிலிருந்து பிரான்சின் நீஸ் நகரை நோக்கி ஒரு வாகனப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அதில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளைஞர் ஒருவர் லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மணலும் பாறையுமே தெரிந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல அவர் திகைத்தார். பகலில் வெயில் சுட்டெரித்தது. இரவில் குளிர் வாட்டியது. உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கை மங்கிக்கொண்டிருந்த வேளையில், தேடி வந்தவர்கள் விமானத்திலிருந்து அவரைக் கண்டு மீட்டனர்.

அந்த இளைஞரின் பெயர் தியெரி சபீன். மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட ஒருவர் பாலைவனத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் பலரும் நினைப்பர். சபீனோ அதே பாலைவனத்திற்குப் பலரை அழைத்துச் செல்ல முடிவு செய்தார்.

சபீன் 1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள் பாரிஸ் நகரை ஒட்டிய நேயி என்னும் ஊரில் பிறந்தார். வாகனப் பந்தயங்களில் கலந்துகொள்வதிலும் அவற்றை ஏற்பாடு செய்வதிலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். 1975ஆம் ஆண்டு, லெ துக்கே என்ற கடற்கரை நகரில் மணல்வெளியிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தை அவர் தொடங்கினார். லிபியாவிலிருந்து நாடு திரும்பிய பிறகு, அவருடைய கனவு கடற்கரையைத் தாண்டிச் சகாரா வரை விரிந்தது.

1978ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அந்தக் கனவு நனவானது. முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்திற்காக 182 வாகனங்கள் பாரிஸிலிருந்து புறப்பட்டன. அல்ஜீரியா, நைஜர், மாலி முதலிய நாடுகளைக் கடந்து, செனகல் நாட்டின் தலைநகரமான டக்காரை அடைய வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். வழிகாட்டும் செயற்கைக்கோள் கருவிகள் அப்போது இல்லை. திசைகாட்டியையும் வழிக் குறிப்பேட்டையும் நம்பியே எல்லாரும் சென்றனர். புறப்பட்ட 182 வாகனங்களில் 74 மட்டுமே டக்காரைச் சென்றடைந்தன.

மோட்டார் சைக்கிள்கள், கார்கள் ஆகியவற்றோடு கனவுந்துகளும் அந்தப் பந்தயத்தில் ஓடின. 1980ஆம் ஆண்டு கனவுந்துகளுக்கெனத் தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. அப்பிரிவின் முதல் வெற்றி ஐரோப்பியர்களுக்குக் கிடைக்கவில்லை. அல்ஜீரியாவைச் சேர்ந்த குழுவொன்று, தன் நாட்டு சொனாகோம் கனவுந்தை ஓட்டி வென்றது.

பந்தயக் கனவுந்தில் பொதுவாக மூவர் பயணம் செய்வர். ஒருவர் வாகனத்தை ஓட்டுவார். மற்றொருவர் வழி காட்டுவார். மூன்றாமவர் பழுதுபார்ப்பவர். மணல்மேடுகள் வந்தால் டயர்களின் காற்றைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் டயர் தட்டையாகி மணலின்மேல் அகலமாகப் பதியும். அப்படியும் சக்கரம் புதைந்துவிட்டால், மண்வாரியால் மணலை அள்ளிவிட்டு, சக்கரத்தின் அடியில் உலோகத் தகடுகளைச் செருகி வாகனத்தை மேலேற்ற வேண்டும். பல டன் எடையுள்ள கனவுந்தை இப்படி மீட்பது ஒருவரால் ஆகும் வேலையன்று.

பந்தயத்தில் ஓடாத கனவுந்துகளும் உண்டு. அவை டயர்களையும் உதிரிப் பாகங்களையும் சுமந்துகொண்டு முகாமிலிருந்து முகாமுக்குச் செல்லும். ஓட்டுநர்கள் உறங்கும் இரவில், பழுதுபார்ப்பவர்கள் விளக்கொளியில் கண்விழித்து வாகனங்களைச் செப்பனிடுவர். விடிந்ததும் ஓட்டுநர் பந்தயத்தைத் தொடர்வார். உறக்கமில்லாத அவர்களோ அடுத்த முகாமை நோக்கிப் புறப்படுவர். வெற்றி மேடையில் அவர்கள் பெயர் ஒலிப்பது அரிது. ஆயினும், அவர்கள் இல்லையேல் வெற்றி இல்லை.

சபீன் வெள்ளை உடை அணிந்து, ஹெலிகாப்டரில் பந்தயப் பாதையின்மேல் பறந்து கண்காணிப்பார். வழி தவறியவர்களைத் தேடுவதும் அவருடைய பணியாக இருந்தது. அந்தப் பணிக்குக் குறைவே இல்லை. 1982ஆம் ஆண்டு, பிரிட்டனின் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் தம் குழுவினருடன் அல்ஜீரியப் பாலைவனத்தில் காணாமற்போனார். ஆறு நாள்களுக்குப் பிறகே அவர்கள் மீட்கப்பட்டனர். மறு ஆண்டு, தெனெரே பாலைவனத்தில் வீசிய மணற்புயலில் சுமார் 40 பேர் வழி தவறினர். அவர்களில் சிலர் சரியான பாதைக்குத் திரும்ப நான்கு நாள்கள் ஆயின.

இப்பந்தயம் கடுமையான கண்டனத்திற்கும் உள்ளானது. முதல் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள் வீரர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர், பந்தயத்திற்குச் சிறிதும் தொடர்பில்லாத பொதுமக்களும் பலியாயினர். வறுமையில் வாடும் ஊர்களின் வழியே விலையுயர்ந்த வாகனங்கள் புழுதி கிளப்பி ஓடுவது முறையா என்று பலர் கேட்டனர். தங்கள் விருப்பத்தால் ஆபத்தைத் தேடிச் சென்றவர்கள் வீரர்கள். ஆனால், சாலையோரத்தில் நின்றவர்கள் அந்த ஆபத்தை விரும்பி ஏற்றவர்கள் அல்லர். இக்கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

1986ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது, ஆப்பிரிக்க ஊர்களுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களை வழங்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அதற்காகப் பிரெஞ்சுப் பாடகர் டேனியல் பாலவுவான் அங்கு வந்திருந்தார். ஜனவரி 14ஆம் நாள் அவர் சபீனுடன் ஹெலிகாப்டரில் பயணம் செய்தார். விமானியும், ஒரு பெண் செய்தியாளரும், வானொலித் தொழில்நுட்பர் ஒருவரும் உடன் இருந்தனர். மாலி நாட்டில் இருள் சூழ்ந்த வேளையில், மணற்காற்றில் சிக்கிய ஹெலிகாப்டர் மணல்மேட்டில் மோதி நொறுங்கியது. ஐவரும் உயிரிழந்தனர். அப்போது சபீனுக்கு வயது 36.

அந்தத் துயரத்திற்குப் பின்னரும் பந்தயம் நிற்கவில்லை. மகனை இழந்த தந்தை ஜில்பேர் சபீன், அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார். பாதுகாப்புக் காரணங்களால் 2008ஆம் ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அது தென் அமெரிக்காவிற்கும், 2020ஆம் ஆண்டு சவூதி அரேபியாவிற்கும் இடம் மாறியது. இன்று அது டக்கார் நகருக்குச் செல்வதில்லை. ஆனாலும் டக்கார் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது.

சபீனின் அஸ்தி நைஜர் நாட்டின் தெனெரே பாலைவனத்தில், தன்னந்தனியே நிற்கும் ஒரு மரத்தின் அருகே தூவப்பட்டது. அந்த மரம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். பாலைவனத்தில் தனித்து நின்ற சபீனை அன்று காப்பாற்றியவை, தேடி வந்தவர்களின் கண்கள். அவர் தொடங்கிய பந்தயத்தை இன்றும் நகர்த்திச் செல்பவை, இரவெல்லாம் கண்விழித்து உழைக்கும் கைகள்.