விளக்கேந்திய அம்மையார்

லோதி ரோடின் மேற்குக் கோடியில் சப்தர்ஜங் சமாதியருகே தெற்கு நோக்கித் திரும்பிச் சிறிது தொலைவு சென்றால், இரு பெரும் மருத்துவமனைகள் எதிரெதிரே நிற்கக் காணலாம். அவற்றுள் ஒன்று, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்காக எழுந்து, 1954-இல் நம் அரசின் கைக்கு வந்தது. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் தாதியரை நம் குடியிருப்புகளில் நாள்தோறும் பார்க்கிறோம். 2021-ஆம் ஆண்டு வேனிலில், கொரோனாவின் இரண்டாம் அலை தலைநகரை உலுக்கிய நாள்களில், நம் குடியிருப்பைச் சேர்ந்த தாதி ஒருவர் விடியற்காலையில் வந்தவர், வீட்டினுள் நுழையாமல் மாடிப்படியிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தோம். கையில் வாங்கினாரேயன்றிக் குடிக்கவில்லை. என்ன கேட்பதென்று நமக்கும் தெரியவில்லை. இம்மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதுமாறு சங்கத்தார் பணித்தபோது, அந்த முகமே நம் நினைவில் முன்வந்து நின்றது. ஆகவே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

அம்மையாரை அறியாதார் யார்? ஆயினும் பள்ளிப் பாடம் அவரைப் போர்க்கள மருத்துவமனையில் விளக்கும் கையுமாக நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது. போர் முடிந்தபின் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தார். அவ்வாழ்க்கையே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில், செல்வம் கொழித்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. நோயாளிக்குப் பணி செய்வது அக்காலத்தில் குலமகளிர்க்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. பெற்றோரின் எதிர்ப்பைப் பல ஆண்டுகள் தாங்கி, 1851-இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். 1854-இல் கிரீமியப் போர் மூண்டிருக்கையில், முப்பத்தெட்டுப் பெண்டிருடன் நவம்பர் 4-ஆம் நாள் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார்.

அது மருத்துவமனையன்று, படைவீரர் கொட்டடி. கட்டடத்தின் அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. படுக்கைகளின் வரிசை ஏறத்தாழ நான்கு மைல் நீளம் என்பர். குண்டுபட்டு இறந்தோரினும் பேதியாலும் காய்ச்சலாலும் இறந்தோரே மிகுதி. இரவு எட்டு மணிக்குமேல் பிற தாதியர் நோயாளர் கூடங்களில் இருத்தலாகாது என்பது அம்மையார் வகுத்த விதி. எனவே இரவின் சுமை முழுவதும் அவர் ஒருவர் தோளிலேயே விழுந்தது. படங்களில் காணும் அழகிய எண்ணெய் விளக்கையன்று, மடக்கிவைக்கும் துருக்கிக் கூண்டு விளக்கையே அவர் ஏந்திச் சென்றார். தம் பார்வையில் உள்ள எவரும் தனியே சாதல் கூடாது என்று எண்ணி, உயிர் பிரியும் வேளையில் அருகமர்ந்திருப்பார். அந்த ஒரு மாரிக்காலத்திலேயே இரண்டாயிரம் சாவுகளை அவ்வாறு கண்டதாக அவரே கணக்கிட்டார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். இறந்தோரின் தாய்க்கும் மனைவிக்கும் கடிதம் எழுத அமர்வார். 1855-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, சாவின் வாயில் வரை சென்று மீண்டார்.

1856 ஆகஸ்டில் தாயகம் திரும்பியபோது, நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவரோ வேற்றுப் பெயரில் பிரயாணம் செய்து, ஒருவரும் அறியாமல் வீடு சேர்ந்தார். வீட்டிலும் உறக்கம் வரவில்லை, உணவு செல்லவில்லை, இரவெல்லாம் அறையில் நடந்தவண்ணம் இருந்தார். இறந்த வீரர் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. 1857-இல் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் துணையுடன் சாவுக் கணக்கை ஆராய்ந்தார். கட்டடத்தின் அசுத்தமே பெருவாரியானோரைக் கொன்றது என்பதும், 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைச் சீர்செய்த பின்னரே சாவு குறைந்தது என்பதும் தெளிவாயின. தாம் இரவுபகலாகப் பணி செய்த இடமே நோய்க்குக் காரணம் என்று அறிந்தவர் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! அவ்வாண்டு ஆகஸ்டில் அடியோடு தளர்ந்து வீழ்ந்தார். அதன்பின் பெரும்பாலும் அறையும் கட்டிலுமே அவர் உலகம். உற்றாரைக்கூட ஒருவர் ஒருவராகவே பார்ப்பார். கிரீமியாவில் பற்றிய நுண்கிருமிக் காய்ச்சல் நெடுங்காலம் நீடித்தது என்று 1995-இல் மருத்துவ அறிஞர் ஒருவர் எழுதினார். மனத்தில் பட்ட காயமே காரணம் என்பார் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. பிறர் துயரைச் சுமந்து சுமந்து தாதியர் அடையும் சோர்வுக்கு மருத்துவ ஏடுகளில் தனிப்பெயர் வழங்கத் தொடங்கியதே 1992-க்குப் பிறகுதான்.

அந்தக் கட்டிலிலிருந்தே அவர் இந்தியாவுக்காக உழைத்தார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. இந்நாட்டில் அவர் காலடி பட்டதே இல்லை. எனினும் இங்கிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுக்கு ஆயிரவருக்கு 69 பேர் இறந்துவந்ததை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1873-இல் அது 18 ஆகக் குறைந்தது. படையினரோடு அவர் நிற்கவில்லை. சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபின், 1878-இல் நம் உழவரின் நிலைபற்றி எழுதினார். காவிரியில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனக் கொள்கைக்குத் துணைநின்றார்.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், பொதுமக்கள் தந்த நிதியால் தாதியர் பள்ளியை நிறுவினார். பயிலும் பெண்களுக்குத் தனி விடுதி வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1872 முதல் அவர்களுக்கு முகவரியிட்டு நீண்ட மடல்கள் எழுதினார். தம் அறைக்கு வரவழைத்துப் பேசினார். தமக்குத் தம் இரவுகளில் கிட்டாத துணையை அவர்களுக்கேனும் அளிக்க முயன்றார் போலும். அவர் ஊன்றிய விதை நம்மிடமும் தழைத்தது. 1946-இல் தில்லியிலும் நம் வேலூரிலும் தாதியர்க்குப் பட்டப்படிப்பு தொடங்கிற்று.

முதுமையில் கண்ணொளி மங்கியது. 1907-இல் அரசர் அளித்த உயர் விருதைப் பெண்களுள் முதல்வராகப் பெற்றபோது, அதனை முற்றும் உணரும் நிலையில் அவர் இல்லை. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய நாடு முன்வந்தது. அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்துவிட்டனர். சொந்த ஊர்க் கோயிலின் கல்லறையில் அவர் பெயர்கூட முழுமையாக இல்லை. இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த இறந்த நாள்களுமே பொறிக்கப்பட்டுள்ளன.