பாரிஸ் நகரில் நடந்த பாதங்கள்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், கடல் கடந்து படிக்கச் சென்ற பிள்ளைக்காக மாலைச் செபமாலையில் ஒரு கருத்து எப்போதும் உண்டு. பிள்ளை குளிரைத் தாங்குகிறானா, வேளைக்கு உண்கிறானா, யாரோடு பழகுகிறான் என்று பெற்றோர் ஏங்குகின்றனர். இந்த ஏக்கம் புதியதன்று. முத்துக்குளித்துறை மக்களிடையே நற்செய்திப் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியாரின் குடும்பமும் இதை அறிந்திருந்தது. அவருடைய மறைபரப்புப் பயணங்களை நாம் நன்கறிவோம். அவர் மாணவராக ஓர் அந்நிய நகரில் நடந்த நடையை இன்று சிந்திப்போம்.

நவார் நாட்டில் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் உயர்குடியில் பிறந்தவர் சவேரியார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அடுத்த ஆண்டே போரின் விளைவாக அவர்களுடைய கோட்டையின் அரண்கள் இடிக்கப்பட்டன. குடும்பத்தின் பெருமையைக் கல்வியால் மீட்கலாம் என்ற நம்பிக்கையோடு, 1525இல், 19 வயதில் பாரிஸ் மாநகருக்குச் சென்று புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். பல நாட்டு மாணவர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வல்லவரான அந்த இளைஞருக்குத் தம் கால்களின் மேல் தனிப் பெருமை இருந்தது. பட்டம் பெற வேண்டும், தாய்நாட்டுப் பேராலயத்தில் வருவாயுள்ள உயர் பதவி ஒன்றை அடைய வேண்டும் என்பதே அவர் கனவு.

அதே நகருக்கு 1528இல் இன்னொரு மாணவர் நடந்தே வந்து சேர்ந்தார். போரில் குண்டடிபட்டுக் கால் ஊனமுற்ற லொயோலா இஞ்ஞாசியார் அவர். வயதோ நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. நம்பிக் கொடுத்து வைத்த பணத்தை ஒரு தோழர் செலவழித்துவிட, ஏழைகள் தங்கும் விடுதியில் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்து கல்லூரி நெடுந்தொலைவு. விடியுமுன் அங்கே பாடம் தொடங்கிவிடும். விடுதிக் கதவோ விடிந்த பின்னரே திறக்கும். இப்படி வகுப்புகளை இழந்து, ஆற்றைக் கடந்து, நொண்டியபடியே அந்நகரின் தெருக்களை அவர் அளந்தார், உணவுக்காகக் கையேந்தினார். பணத்தைச் செலவழித்த அந்தத் தோழர் ரூவான் நகரில் நோயுற்றார் எனக் கேட்டதும் அவர் செய்தது என்ன தெரியுமா? உண்ணாமல், பருகாமல், வெறுங்காலோடு மூன்று நாள் நடந்து சென்று அவருக்கு உதவினார்!

1529இல் இவ்விரு மாணவரும் ஒரே அறையில் தங்க நேர்ந்தது. பீட்டர் பேபர் என்னும் நல்லிளைஞரும் உடனிருந்தார். விரைந்தோடும் கால்களைப் பெற்றவர், நொண்டி நடப்பவரை முதலில் ஏளனமாகவே நோக்கினார். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கிக்கொண்டு ஆன்மாவை இழப்பதால் பயன் என்ன என்னும் ஆண்டவரின் கேள்வியை இஞ்ஞாசியார் பொறுமையோடு அவர் முன் வைத்துக்கொண்டே இருந்தார் என்பர். அந்தக் கேள்வி வெல்லச் சில ஆண்டுகள் ஆயின.

1534 ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. ஏழு தோழர்கள், நகரின் தென்பகுதியிலுள்ள மாணவர் குடியிருப்பை விட்டு வடக்கே மொன்மார்த்ர் குன்றை நோக்கிச் சென்றனர். அங்கிருந்த சிற்றாலயத்தில் பேபர் அடிகளார் திருப்பலி நிறைவேற்ற, வறுமையும் கற்பும் காப்பதாகவும், புனித பூமிக்குத் திருப்பயணம் செல்வதாகவும் வாக்களித்தனர். பட்டத்துக்காக அந்நகருக்கு வந்த சவேரியார், அங்கே தம் வாழ்வின் திசையைக் கண்டார்.

ஆனால் இஞ்ஞாசியாரைப் பற்றிய அவதூறுகள் அவருடைய வீட்டை எட்டியிருந்தன. எனவே 1535இல் சவேரியார் தம் அண்ணனுக்கு மடல் வரைந்தார். பணமுடையில் தமக்கு உதவியவரும், தீய நட்பிலிருந்து தம்மைக் காத்தவரும் இஞ்ஞாசியாரே என அதில் நன்றியோடு சான்று பகர்ந்தார். அந்நிய நகரில் ஒரு மாணவருக்குப் பேராபத்து எது, பெரும் பேறு எது என்பதற்கு இம்மடலைவிட வேறு பாடம் வேண்டுமோ?

1536 நவம்பரில் தோழர்கள் பாரிசிலிருந்து பனியிலும் மழையிலும் நடந்து, 1537 ஜனவரியில் வெனிஸ் நகரை அடைந்தனர். 1542 மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், மீண்டும் ஓர் அந்நிய நகரில் நடந்தார். இம்முறை கையில் மணி ஒன்றை அடித்துக்கொண்டு, மறைக்கல்விக்குச் சிறுவர்களை அழைத்தபடி தெருத்தெருவாகச் சென்றார். அதே ஆண்டில் நம் தமிழ்க் கடற்கரைக்கு வந்து, தமிழில் செபங்களைக் கற்று, ஊர் ஊராக நடந்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் மனம் பாரிசுக்குத் திரும்புகிறது. பல்கலைக்கழகங்களுக்குச் சென்று பித்தரைப் போலக் கூவி, அன்பைவிட அறிவை மிகுதியாகத் தேடும் கற்றவர்களை உலுக்கியெழுப்ப ஏங்கினார்.

அன்பு வாசகர்களே! 1893இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் திருகோணமலை மறைமாவட்டத்தை நிறுவினார். பின்னர் பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் இங்கு வந்து பணிபுரிந்தனர். மொன்மார்த்ரில் மொழிந்த வாக்குறுதி நம் துறைமுகம் வரை நடந்து வந்ததன்றோ! இன்று நம் பிள்ளைகள் பாரிசில் இருக்கின்றனர். நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியிலிருந்து அந்தக் குன்றுக்கு நடந்தே போகலாம்.

தொலைபேசியில் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் கேட்கும் நாம், யாருடன் நடக்கிறாய், யாருக்காகக் கற்கிறாய் என்றும் அன்போடு கேட்போம். தன்னை ஏமாற்றிய தோழனுக்காகவும் நடக்கக்கூடிய ஒரு நண்பரை அப்பிள்ளைக்கு இறைவன் அருள வேண்டுமென மன்றாடுவோம். நம் பிள்ளையும் பிறருக்கு அத்தகைய நண்பராய் விளங்கட்டும். புனித சவேரியாரே, எங்கள் பிள்ளைகளின் பாதங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!