பிராண்டிங்னு ஒரு வார்த்தையே இல்லாத காலம்... சார்லி சாப்ளின் மட்டும் எப்படி ஜெயித்தார்?

பர்சனல் பிராண்டிங். லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் என எங்கே திரும்பினாலும் இன்று இதே பேச்சுதான். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்பே, முகம்கூடத் தேவையில்லை, நிழலைப் பார்த்தாலே தெரியும் என்ற அளவுக்கு ஒருவர் இருந்தார். அவர் சார்லி சாப்ளின். அந்த அடையாளம் எப்படி உருவானது? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன?

அந்த கெட்டப் எப்படி வந்தது?

1889 ஏப்ரல் 16-ல் பிறந்த சாப்ளின், லண்டனில் வளர்ந்தார். அப்பா குடிக்கு அடிமை. அம்மாவுக்கு மனநல பாதிப்பு. ஏழு வயதிலேயே ஆதரவற்றோர் விடுதிக்குப் போக வேண்டிய நிலை. பிறகு மேடைக் கலைஞராகி அமெரிக்கா போனவரை, 1913-ல் கீஸ்டோன் ஸ்டுடியோ வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு எடுத்தது.

முதல் படத்தில் அவருக்கு வேறு வேஷம். அடுத்துதான் தொளதொள பேன்ட், இறுக்கமான கோட், சின்னத் தொப்பி, பெரிய ஷூ, கைத்தடி எல்லாம் வந்தன. வயதைக் கூட்டிக் காட்ட ஒரு குட்டி மீசை. 1914 பிப்ரவரியில் அந்த நாடோடி திரைக்கு வந்தான். கிழிந்த உடை, ஆனால் கனவான் மாதிரி நடத்தை. பசியோடு இருப்பான், கௌரவத்தை மட்டும் விட மாட்டான். இந்த முரண்தான் மக்களுக்குப் பிடித்தது. 1916-லேயே அவரது ஆண்டு ஒப்பந்தம் 6,70,000 டாலர்!

காப்பி அடித்தவர்களை என்ன செய்தார்?

போலிகள் கிளம்பினார்கள். சார்லஸ் அமடோர் என்ற நடிகர், ‘சார்லி ஆப்ளின்’ என்ற பெயரில் அதே வேஷத்தில் படமே எடுத்துவிட்டார். சாப்ளின் கோர்ட்டுக்குப் போனார். 1925-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 1928-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

பேசும் படம் வந்தபோது?

இதுதான் பெரிய சோதனை. 1927-க்குப் பிறகு ஹாலிவுட்டே பேச ஆரம்பித்துவிட்டது. நாடோடி பேசினால் அவன் ஆங்கிலேயனாகிவிடுவான்; பேசாத வரை எல்லா ஊருக்கும் சொந்தக்காரன். அதனால் சாப்ளின் அசையவில்லை. 1931-ல் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை இசை சேர்த்து, வசனமே இல்லாமல் வெளியிட்டார். படம் ஹிட்! அதற்கான துணிச்சல் சும்மா வரவில்லை. 1919-லேயே மூன்று பேருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். முடிவு அவர் கையில் இருந்தது.

1936-ல் ‘மாடர்ன் டைம்ஸ்’. நாடோடியின் குரல் முதல்முறையாகக் கேட்டது, அதுவும் அர்த்தமே இல்லாத ஒரு பாட்டில். அத்தோடு அவனுக்கு விடை கொடுத்துவிட்டார்.

பிறகு ஏன் பேசினார்?

ஹிட்லர் காரணம். சாப்ளினுக்கு நான்கு நாள் இளையவர், அதே போன்ற மீசை. 1940-ல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் ஹிட்லரைக் கேலி செய்த சாப்ளின், கடைசிக் காட்சியில் நேராக கேமராவைப் பார்த்துப் பேசினார். இத்தனை வருடம் காத்த மௌனத்தை, சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயத்துக்காகக் கலைத்தார்.

பிராண்ட் அவரைக் காப்பாற்றியதா?

முழுசா இல்லை. திரையில் ஏழை நாடோடி, நிஜத்தில் கோடீஸ்வரர். சொந்த வாழ்க்கைச் சர்ச்சைகளும், கம்யூனிச ஆதரவாளர் என்ற சந்தேகமும் சேர்ந்து மக்களின் அபிமானத்தைக் குறைத்தன. 1952-ல் அவர் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதே, அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதி ரத்தானது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார்.

20 வருடம் கழித்து, 1972-ல் கௌரவ ஆஸ்கர் கொடுக்க அதே அமெரிக்கா அழைத்தது. அரங்கமே எழுந்து நின்று பல நிமிடம் கைதட்டியது. 1977 கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

அந்தத் தொப்பியையும் கைத்தடியையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த நாடோடி என்ன செய்வான், எதைச் செய்யவே மாட்டான் என்பதில் 22 வருடம் தெளிவாக இருந்தார் பாருங்கள், அதைத்தான் அமடோரால் காப்பி அடிக்க முடியவில்லை.